தேடினாற் கிடைக்குமா? அன்றாட வாழ்வின் மின்சுவடிகள் பற்றி ஒரு மறுப்புரை

1

எதையும் அழிக்க வேண்டாம். எதையும் அடுக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். வேண்டியபோது தேடினாற் கிடைக்கும். தனிமனிதரின் அன்றாட வாழ்வு பற்றிய படங்களும் கடிதங்களும் ஒலிப்பதிவுகளும் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் மலைபோற் குவிந்துவரும் இக்காலத்தில் இக்கூற்று ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. நிறுவனங்கள் இதனை விளம்பரஞ் செய்கின்றன. மாணவர் இதனை வழிமொழிகின்றனர். கற்றறிந்தோருட் சிலரும், பட்டியல் எழுதும் காலம் மறைந்து தேடுபொறியின் காலம் பிறந்துவிட்டதெனப் பேசத் தலைப்பட்டுள்ளனர்.

இக்கட்டுரை அக்கூற்றை மறுக்கும் நோக்குடையது. கணினியை மறுப்பது எமது நோக்கமன்று. பழைய பெட்டகத்தையும் பூச்சி அரித்த தாளையும் போற்றிக் கண்ணீர் வடிப்பதும் எமது நோக்கமன்று. இங்கு மறுக்கப்படுவது ஒரு கருத்து மாத்திரமே. அஃதாவது, சேமிப்பே நினைவு எனவும், தேடலே ஒழுங்கு எனவும் கொள்ளும் கருத்து.

சேமிப்பு வேறு, நினைவு வேறு. ஒரு படத்துக்கோ கடிதத்துக்கோ உரியவர் யார், இடம் எது, காலம் எது, நிகழ்ச்சி யாது என்பனவற்றை அறிந்தவர் ஒருவர் சொல்ல, அதனை ஒருவர் எழுதி அப்பொருளோடு சேர்த்து வைக்கும்போதே அது சுவடியாகின்றது. அதுவரை அது வெறுங் குவியலே. அந்த எழுத்துவேலையைப் பின்னொரு நாளில் இயந்திரம் செய்து தரும் என எண்ணிக் காத்திருத்தல் இயலாது. ஏனெனில் இயந்திரம் காத்திருக்கும், அறிந்தவர் காத்திருக்கமாட்டார்.

2

எமது குடும்பத்து நிகழ்ச்சியொன்றைக் கூறி மேலே செல்லுதல் பொருந்தும். தனிப்பட்ட செய்தியே எனினும், இதனையொத்த ஒன்று வாசகர் பலரது வீட்டிலும் நிகழ்ந்திருக்கக்கூடும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, எமது அம்மம்மா தம்மோடு கொண்டுசென்ற சில பொருள்களுள் ஒரு படத்தொகுப்பும் இருந்தது. கரிய தாள்களில் மூலைகளைச் செருகிப் படங்களை வைக்கும் பழைய வகைத் தொகுப்பு அது. ஏறத்தாழ இருநூறு படங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அம்மப்பா மைப்பேனாவினால் எழுதியிருந்தார்: பெயர், ஊர், ஆண்டு, சிலவற்றில் நிகழ்ச்சியும். ஆசிரியராயிருந்தவராதலின் வரவு இடாப்பு எழுதும் ஒழுங்குடனேயே அவற்றையும் எழுதியிருந்தார்.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், அன்பின் மிகுதியால், அப்படங்கள் அனைத்தையும் வருடியில் இட்டுக் கணினியில் ஏற்றினார். முன்புறத்தை மட்டுமே ஏற்றினார். படம் முன்புறத்திலன்றோ இருக்கின்றது! இனி எல்லாம் கணினியில் உண்டு என்ற துணிவில், பூச்சி அரித்த அத்தொகுப்பு வீடு திருத்திய வேளையிற் கழிக்கப்பட்டது. இன்று எம்மிடம் இருநூறு கோப்புகள் உள. மூன்று இடங்களிற் பிரதிகளும் உள. இயந்திரம் இட்ட எண்களே அவற்றின் பெயர்கள். வருடியில் இட்ட நாளே அவற்றின் காலம். அம்மம்மா 2019இற் காலமானார். கிணற்றடியிற் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தபடி நிற்கும் இளம்பெண் யார்? அம்மாவுக்குத் தெரியாது. மாமாவுக்குந் தெரியாது. கேட்பதற்கு வேறு எவரும் இல்லை. அப்பெண் யாரென்பது ஒரு வரியில் எழுதப்பட்டிருந்தது. அந்த வரி போருக்குத் தப்பியது, இடப்பெயர்வுக்குந் தப்பியது, சேமிப்பில் அழிந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவ்விழப்போடு ஒரு குடும்பத்தின் படத்தொகுப்பை ஒப்பிடுவது தகாது. ஆயினும் ஒன்றைக் கூறலாம். தீயினால் நேர்ந்த இழப்பை இழப்பென்று எல்லாரும் அறிவர், அதற்காக அழுவர், அதனை எழுதிவைப்பர். தீயின்றி நேரும் இழப்பை எவரும் இழப்பென்றே அறிவதில்லை. ஏனெனில் கோப்பு அப்படியே இருக்கின்றது.

3

எல்லாவற்றையும் சேமித்தல் என்னும் கனவு நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோமாயின், அக்கனவைக் கண்டவர்கள் கூறியதற்கும் இன்று அதனை விற்பவர்கள் கூறுவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு புலனாகும்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் அறிவியல் ஆய்வுப் பணிகளை நெறிப்படுத்தியவர் வனெவர் புஷ் என்னும் பொறியியலாளர். 1945 ஜூலை மாத 'அத்லாந்திக் மன்த்லி' இதழில் அவர் எழுதிய கட்டுரையொன்றில் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனைப் பொறியொன்றை விவரித்தார். மேசை வடிவான அப்பொறியில் ஒருவர் தமது நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் அனைத்தையும் நுண்படமாக்கி வைத்துக்கொள்ளலாம். மனித மனம் அகரவரிசையில் நினைப்பதில்லை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்பு பற்றித் தாவுகின்றது என்பது அவரது வாதம். ஆதலால், பொறியைப் பயன்படுத்துபவர் ஒரு சுவடியை மற்றொன்றோடு தாமே இணைத்துத் தடம் அமைப்பார். அத்தடத்துக்குப் பெயரும் இடுவார். இவ்வாறு தடம் அமைப்பதையே தொழிலாகக் கொண்டோரும் தோன்றுவர் என அவர் எதிர்பார்த்தார். புஷ்ஷின் கனவில் மனிதர் உழைத்துக்கொண்டிருந்தனர் என்பதை ஈண்டு மனங்கொள்ள வேண்டும்.

அக்கனவை நனவாக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் கோர்டன் பெல். கணினி வடிவமைப்பிற் பெரும்புகழ் பெற்ற இவர் 1934இற் பிறந்து 2024இல் மறைந்தவர். மைக்ரோசொஃப்ற் ஆய்வுப் பிரிவிற் பணியாற்றிய காலத்தில், 1998 அளவிலிருந்து தமது கடிதங்கள், படங்கள், கட்டுரைகள், பற்றுச்சீட்டுகள் முதலிய எல்லாவற்றையும் கணினியில் ஏற்றத் தொடங்கினார். பின்னர் தொலைபேசி உரையாடல்களும், தாம் பார்த்த இணையப் பக்கங்களும், கழுத்திற் தொங்கித் தானாகவே படமெடுக்கும் கமராவின் படங்களும் அவற்றோடு சேர்ந்தன. 'மைலைஃப்பிட்ஸ்' எனப் பெயர்பெற்ற அத்திட்டத்தை உலகம் வியந்தது. வியந்தோர் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். அத்தாள்களையெல்லாம் பெல் வருடவில்லை. அவருடைய உதவியாளர் ஒருவர் ஆண்டுக்கணக்காக இருந்து அவ்வேலையைச் செய்தார். உழைப்பில்லாத நினைவு எனக் கொண்டாடப்பட்டதன் பின்னால் ஒருவரின் உழைப்பு இருந்தது. அது பிறருடைய உழைப்பு என்பதே புதுமை.

இதனிலும் முக்கியமானது வேறொன்று. பெல்லும் அவருடைய துணைவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வுரையில் தமது திட்டத்தின் அடிப்படைகளை வரையறுத்தனர். கோப்புறைகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கும் முறைக்குப் பதிலாகத் தொகுப்புகளும் தேடலும் வரவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எழுத்தல்லாதவற்றுக்கு, அஃதாவது படத்துக்கும் ஒலிக்கும், குறிப்பெழுதுதல் இன்றியமையாதது, அதனை எளிதாக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை உலகம் இறுகப் பற்றிக்கொண்டது. பின்னதை மறந்தது. முன்னோடிகள் இரண்டு கால்களில் நடந்தனர். வழிவந்தோர் ஒரு காலை வெட்டிவிட்டு, விரைவாக ஓடுகின்றோம் என்கின்றனர்.

4

தேடலை ஆதரிப்போர் கூறுவதில் உண்மையே இல்லையா எனின், உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. மின்னஞ்சலைப் பொறுத்தவரை, கோப்புறைகளிற் பகுத்து வைத்துத் தேடுவோர், பகுக்காது சொல்லைக்கொண்டு தேடுவோரிலும் பார்க்கச் சிறப்பாகக் கண்டெடுப்பதில்லை என்பதை 345 பேரின் பழக்கங்களை ஆராய்ந்த ஆய்வொன்று 2011இற் காட்டியது. பகுத்து வைப்பதிற் செலவிட்ட நேரம் அங்கு வீணே. இதனை ஒப்புக்கொள்வோம்.

ஆனால் மின்னஞ்சல் எத்தகையது? அது எழுத்தாலானது. அனுப்பியவர் பெயரும் நாளும் தலைப்பும் அதனோடு ஒட்டியே வருகின்றன. கடிதத்தை எழுதியவரே அதற்குரிய குறிப்புகளையும் எழுதிவிட்டார். அதாவது, அங்கு பெயரிடும் உழைப்பு ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது. தேடல் வெல்வது அதனாலேயே. படமோ அத்தகையதன்று. 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தமது பிள்ளைகளின் வாழ்வில் ஓராண்டுக்கு முன்னர் நிகழ்ந்த முக்கிய நிகழ்ச்சிகளின் படங்களைத் தமது சொந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக்காட்டுமாறு பெற்றோர் கேட்கப்பட்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது தடவை அவர்களாற் கண்டெடுக்க இயலவில்லை. ஊரார் படமன்று, தாம் பெற்ற பிள்ளைகளின் படம். நூறாண்டுக்கு முந்தியதன்று, சில ஆண்டுகளுக்கு உட்பட்டது. எடுத்தவரே தேடியும் கிடைக்காதது, எடுத்தவர் மறைந்தபின் பேரப்பிள்ளைக்குக் கிடைக்குமென நம்புவது எங்ஙனம்?

அதே 2010இல், எபிகேல் செலன், ஸ்ரீவ் விற்றேக்கர் ஆகிய இரு ஆய்வாளர்கள் முழுச்சேமிப்புக் கொள்கையை விரிவாக விமரிசித்தனர். பதிவுகள் நினைவாகமாட்டா, அவை நினைவைத் தூண்டும் குறிகளே, ஆதலால் எல்லாவற்றையும் பிடிப்பதிலும் பார்க்கத் தேர்ந்து பிடிப்பதே பயன்தரும் என்பது அவர்களது முடிவு. மறுதரப்பார் இதற்கு விடையாகக் கேம்பிரிட்ஜிற் செய்யப்பட்ட பரிசோதனை ஒன்றைக் காட்டுவர். மூளை நோயினால் நினைவாற்றல் குன்றிய பெண்மணி ஒருவர் கழுத்துக் கமராவின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததனால், மறந்துபோகக்கூடிய நிகழ்ச்சிகளைப் பல மாதங்களின் பின்னும் நினைவுகூர்ந்தார். உண்மைதான். ஆனால் அவர் அப்படங்களைத் தனியே பார்க்கவில்லை. கணவரோடு அமர்ந்து பார்த்தார். இயந்திரம் படத்தைத் தந்தது; அதனைப் பார்த்துப் பேசுவதற்கு அருகில் ஒருவர் இருந்தார். எமது கட்சிக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

5

இதுவரை கூறியவை எம்மொழியார்க்கும் பொருந்துவன. தமிழராகிய எமக்கு இப்பிரச்சினை இரு மடங்கு. தேடினாற் கிடைக்கும் என்னும் வாக்குறுதி ஆங்கிலத்தில் எழுதுவோரை மனத்திற்கொண்டு எழுந்தது. எமது சுவடிகளில் அது எவ்வாறு தோற்கின்றது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளாற் காண்போம்.

முதலாவது, எழுத்துரு. யுனிகோட் தரத்தின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. எனினும் அதன்பின்னரும் நெடுங்காலம் இலங்கையிற் கடிதங்களும் கட்டுரைகளும் மரண அறிவித்தல்களும் கல்வெட்டு நூல்களும் பெரும்பாலும் பாமினி முதலான பழைய எழுத்துருக்களிலேயே தட்டெழுதப்பட்டன. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் எமது கண்ணுக்கு அம்மா தெரிவாள். கணினியினுள்ளேயோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே பதிந்திருக்கும். இன்று யுனிகோட்டில் 'அம்மா' எனத் தேடினால் அக்கோப்பு அகப்படாது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாற் பொருளற்ற குறிகளே தோன்றும். எமது ஊர்களின் அண்மைக்கால எழுத்துகளுட் கணிசமானவை இந்நிலையிற் கிடக்கின்றன. அழியவில்லை, ஆனால் எந்தத் தேடலுக்கும் செவிசாய்ப்பதில்லை.

இரண்டாவது, மொழியின் இயல்பு. 'வீடு' என்னுஞ் சொல் வேற்றுமை ஏற்கும்போது 'வீட்டில்' என்றும், 'கிணறு' என்பது 'கிணற்றடி' என்றும், 'மரம்' என்பது 'மரத்தின்கீழ்' என்றும் திரியும் என்பதைப் பாலபாடத்திலேயே கற்றோம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் கருவி இதனை அறியாது. 'கிணறு' எனத் தேடுபவருக்குக் 'கிணற்றடியில் நின்றபோது எடுத்தது' என்னுங் குறிப்பு கிடைக்காது. இதனோடு, இன்றைய இளைஞர் வட்சப்பில் எழுதும் தமிழ் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே உள்ளது. ஒரே சொல்லை ஒருவரே மூன்று விதமாக எழுதுகின்றார். அவற்றை எச்சொல்லைக் கொண்டு தேடுவது?

மூன்றாவது, எமது உறவுமுறைப் பெயர்கள். இது கருவியின் குறையன்று. எமது பழக்கத்தின் விளைவு. ஒரே பெண் எனக்கு அம்மம்மா, என் தாய்க்கு அம்மா, மாமாவின் பிள்ளைகளுக்கு அப்பம்மா, அயலவருக்கு வாத்தியாரம்மா. மூத்தோரைப் பெயர் சொல்லி அழைப்பது எமக்கு வழக்கமன்று, மரியாதையுமன்று. ஆதலால் படமொன்றுக்கு எவராவது அரிதாகப் பெயரிட்டாலும் 'மாமி வீட்டில்', 'குஞ்சியம்மாவுடன்' என்றே இடுகின்றோம். யாருடைய மாமி? எந்தக் குஞ்சியம்மா? எழுதியவர் உள்ளவரை அது பெயர். அவர் மறைந்தபின் அது புதிர். மரியாதை பேச்சில் இருக்கட்டும். சுவடியில் முழுப்பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அம்மப்பா தம் மனைவியின் படத்துக்குப் பின்னால் அவருடைய முழுப்பெயரையே எழுதியிருந்தாராம். அக்காலத்துக் கணவரொருவர் அவ்வாறு எழுதியது வீட்டிற் சிரிப்புக்கிடமாயிருந்ததென அம்மா கூறுவார். சிரித்தவர்கள் பிழைபட்டனர், அவரே சரி.

6

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். நீர் கூறும் குறைகள் பழைய கருவிகளின் குறைகள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அது முகத்தை அறிகின்றது, படத்தை வாசிக்கின்றது, சொல்லின் திரிபையும் அறிகின்றது. சில ஆண்டுகள் பொறுத்தால் எல்லாவற்றையும் அதுவே ஒழுங்குபடுத்தும் என்பர்.

கருவிகள் திருந்திவருவதை நாமும் மறுக்கவில்லை. பாமினியை யுனிகோட்டாக மாற்றுங் கருவிகள் இப்போதே உள. சொற்றிரிபை அறியுந் தேடலும் வளர்ந்துவருகின்றது. அவை வரவேற்கத்தக்கன. கிணறும் குடமும் பெண்ணும் உள்ள படத்தை ஆயிரம் படங்களிலிருந்து இயந்திரம் எடுத்துத் தருவதும் மெய்யே. ஒரே முகமுள்ள படங்களை அது ஓரிடத்திற் சேர்த்தும் வைக்கும். ஆனால் சேர்த்து வைத்தபின் அது எம்மிடம் என்ன கேட்கின்றது? இவர் யார் எனக் கேட்கின்றது! அறிந்தவர் சொன்னாலன்றி அதற்குத் தெரியாது. படத்தில் இல்லாததைப் படத்திலிருந்து எவராலும் எடுக்க இயலாது. அப்பெண்ணின் பெயர் படத்தின் ஒளியிலும் நிழலிலும் இல்லை. அம்மம்மாவின் நெஞ்சில் இருந்தது. அம்மப்பாவின் ஒரு வரியில் இருந்தது. இரண்டும் போயின. அவ்விடத்தில் இயந்திரம் எதையாவது கூறுமாயின் அது ஊகம். ஊகத்தைப் பெயரென எழுதிவைப்பது, பெயரின்றி விடுவதிலும் பெருந்தீங்கு.

காலமும் அத்தகையதே. கைத்தொலைபேசி எடுக்கும் படத்தில் நாளும் பலவேளைகளில் இடமும் தாமே பதிகின்றன என்பர். ஆனால் அப்படத்தை வட்சப்பிற் சாதாரணமாக அனுப்பும்போது அக்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. எமது குடும்பங்களின் படங்கள் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் அவ்வழியாலேயே செல்கின்றன. வருடியில் இட்ட பழைய படத்துக்கோ எடுத்த ஆண்டன்றி வருடிய ஆண்டே பதிகின்றது. 1962இல் நிகழ்ந்த திருமணம் 2016இல் நிகழ்ந்ததெனக் கணினி சாதிக்கும். தேடுபொறி அதனை நம்பும். நாளைய வரலாற்று மாணவனும் நம்புவான்.

7

இன்னொரு மாயையும் உண்டு. நிறுவனத்தின் களஞ்சியத்தில் இட்டுவிட்டால் என்றும் பாதுகாப்பு என்பது அது. நிறுவனங்கள் காப்பது தமது கணக்கை, எமது நினைவையன்று. கூகிள் நிறுவனம் 2015இற் படங்களுக்கு எல்லையற்ற இலவச இடம் எனக் கூறி மக்களை அழைத்தது. 2021 ஜூன் முதல் அச்சலுகையை நிறுத்தியது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை அழிக்கும் விதியை 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தலாயிற்று. கடவுச்சொல்லைச் சொல்லாது இறந்துபோனவரின் கணக்கு இரண்டாண்டின் பின் என்னாகும் என்பதை வாசகர் சிந்திக்க. 'மைஸ்பேஸ்' என்னுந் தளம், 2003 முதல் 2015 வரை மக்கள் அங்கு ஏற்றிய இசைப்பதிவுகளை இழந்துவிட்டதை 2019இல் ஒப்புக்கொண்டது. சட்டையிற் செருகித் தானாகப் படமெடுக்குங் கமராவை விற்பதற்கு 2012இற் சுவீடனில் தோன்றிய நிறுவனமும் 2016இல் முடிவுக்கு வந்தது. எல்லாவற்றையும் நினைவில் வைப்போம் என்ற நிறுவனத்தையே இன்று நினைவில் வைத்திருப்போர் சிலர்.

எல்லாவற்றையும் வைத்திருத்தல் நன்றுதானா என்பதும் கேட்கத்தக்கது. சேமித்ததைத் தேடும் ஆற்றல் எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகவரகம் ஒருவருடைய வாழ்வின் பதிவுகள் அனைத்தையும் தொடர்புபடுத்தும் 'லைஃப்லொக்' என்னுந் திட்டத்தை 2003இல் முன்வைத்தது. அந்தரங்க உரிமை குறித்த கண்டனத்தின் நடுவே 2004இல் அது கைவிடப்பட்டது. எமது நாட்டிலோ, ஒரு படம் வீட்டில் இருப்பதே ஆபத்தென அஞ்சித் தம் பிள்ளைகளின் படங்களைத் தாமே எரித்த தாய்மார் உளர். எதை வைப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எத்துணைப் பெரிது என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இலர். எல்லாவற்றையும் வைத்திரு என்னும் அறிவுரை அவ்வுரிமையைச் சோம்பலுக்கு விலையாகக் கேட்கின்றது.

8

எமது முன்னோர் ஓலையில் எழுதினர். ஓலை நிலையாது, செல்லரிக்கும், ஒடியும். ஆதலால் சில தலைமுறைக்கு ஒருமுறை ஏட்டைப் பெயர்த்து எழுதவேண்டியிருந்தது. எழுதப்படாதன அழிந்தன. அது பேரிழப்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடு தேடி அலைந்ததும், கலித்தொகை 1887இல் அவரால் அச்சேறியதும் அவ்விழப்பை அஞ்சியேயாகும். ஆயினும் அம்முறையில் ஒரு நன்மை அடங்கியிருந்தது. பெயர்த்தெழுதுபவன் ஒவ்வோர் எழுத்தையும் வாசித்தாக வேண்டும். தேர்ந்தாக வேண்டும். பொருள் விளங்காத இடத்தில் அறிந்தாரைக் கேட்டாக வேண்டும். கோப்பைப் பிரதி செய்பவனுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. பத்தாயிரம் படங்களை ஒன்றையேனும் பாராது ஒரு நிமிடத்திற் பிரதி செய்யலாம். அன்று கையெழுத்து வாசிப்பைக் கட்டாயப்படுத்தியது. இன்று எவரும் கட்டாயப்படுத்தார். நாமே மேற்கொள்ள வேண்டும்.

செய்யவேண்டியது பெரிதன்று. இருபதாயிரம் படங்களையும் ஒழுங்குபடுத்த வேண்டியதில்லை, அது இயலாது. இருநூறைத் தேர்ந்தால் அமையும். விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் மூத்தவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். முழுப்பெயர், ஊர், ஆண்டு, நிகழ்ச்சி என்னும் நான்கையும் யுனிகோட் தமிழில் எழுத வேண்டும். கோப்பின் பெயராகவே எழுதுதல் நன்று; ஏனெனில் கோப்பு எங்கு சென்றாலும் பெரும்பாலும் பெயரும் உடன்செல்லும். வட்சப் போன்ற வழிகளிற் பெயரும் மாறிவிடுமாதலால் அதே விபரத்தைத் தனியே ஒரு பட்டியலாக எழுதித் தாளிலும் ஒரு பிரதி வைத்தல் வேண்டும். ஆண்டு உறுதியில்லையெனின் உறுதியில்லை என்றே எழுதுக. சொன்னவர் யார் என்பதையும் எழுதுக. படத்தை வருடியில் இடுபவர் பின்புறத்தையும் இடுக. இவ்வளவே. இதன்பின் தேடுபொறி வரட்டும். அதற்குத் தேட ஏதேனும் இருக்கும்.

இறுதியாக, எம் கண்முன்னேயுள்ள சான்றொன்று. இத்தகைய தமிழ்ச்சங்க மலர்களின் பழைய இதழ்களைப் புரட்டினால் அவ்வாண்டுச் செயற்குழுவின் படமொன்று இருக்கும். அச்சு மங்கியிருக்கும், முகங்கள் கரியாகியிருக்கும். ஆனால் அதன் கீழே, அமர்ந்திருப்போர் இடமிருந்து வலமாக, நிற்போர் இடமிருந்து வலமாக எனப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அரை நூற்றாண்டின் பின்னும் அவர் யார், இவர் யார் என நாம் கூறவல்லோம். எவரோ ஒரு மாணவர், அச்சகத்துக்குச் செல்லுமுன், ஒவ்வொருவராகக் கேட்டு அப்பெயர்களை எழுதினார். சென்ற ஆண்டு விழாவிலே நாம் எடுத்த படங்களோ ஆயிரக்கணக்கில் உள. ஒவ்வொரு முகமும் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரிகின்றது. அவற்றுள் எத்தனை படங்களின் கீழ் ஒரு பெயரேனும் உண்டு? எழுதக்கூடியவர்கள் இன்னும் இவ்வளாகத்திலேயே இருக்கின்றனர். அவர்கள் பட்டம் பெற்றுப் பிரிந்து செல்லுமுன் எழுதுவோம்.